சொல்லடைவில் := எங்கே?

தமிழில் பைத்தான் நிரல்மொழிக் கையேடு ஆக்கித் தந்திருக்கும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் மாலை ஆறு மணிக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித் தருகிறேன். உங்கள் கையேட்டை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வகுப்பில் வைத்திருக்கிறேன். நடை நன்றாக இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் ஆபரேட்டருக்கு இருக்கும் 'செயற்குறி' என்ற சொல்லையே நீங்களும் வைத்துக்கொண்டது பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. என் குறையெல்லாம் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவை, அதாவது இன்டெக்ஸைப் பற்றித்தான்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "சார், கோலன் ஈக்குவல் டு-ன்னா என்ன?" என்று கேட்டாள். யாரோ அனுப்பிய நிரலில் := என்று இருந்திருக்கிறது. செல்போனில் அந்தக் குறியை மட்டும் போட்டுத் தேடிப் பார்த்து அலுத்துப்போய் வந்திருந்தாள். தேடுபொறிகள் இந்த மாதிரிக் குறிகளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. "கையேடு இருக்கே, நீயே கண்டுபிடி" என்றேன். வாத்தியார் திமிர்தான். அவள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கே எடுத்த எடுப்பிலேயே 'அ' தொடங்கிவிடுகிறது, குறிகளுக்கென்று இடமே இல்லை. 'கோ'வில் பார்த்தாள், கோப்பு, கோவை என்று இருந்ததே தவிர கோலன் இல்லை. 'சமக்குறி'யில் == மட்டும் இருந்தது. கால் மணி நேரம் கழித்து நானே பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுத்து, அதே இடத்தில் அந்த மதிப்பைப் பயன்படுத்தவும் விடும் குறி அது. 'மதிப்பிருத்தும் கோவை' என்ற தலைப்பில் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பெயர் தெரிந்திருந்தால் அவள் ஏன் தேடப்போகிறாள்?

ஆங்கிலத்தில் இதற்கு வால்ரஸ் என்று செல்லப்பெயர். தலையைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு கண்ணும் இரண்டு தந்தமும் தெரியுமாம். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குப் பனிக்கடல் விலங்கை எங்கே போய்க் காட்டுவது? சரி, அது போகட்டும். அந்தக் குறி மொழிக்குள் வந்தது 2019இல், 3.8 பதிப்பில். உங்கள் கையேட்டில் பாடம் அந்தப் பதிப்பைத் தாண்டி வந்துவிட்டது, சொல்லடைவு மட்டும் வரவில்லை.

பைத்தானின் ஆங்கில ஆவணத்தைத் திறந்து பாருங்கள். அதன் சொல்லடைவில் குறிகளுக்கென்றே தனிப்பக்கம் உண்டு. பல குறிகளுக்குப் பக்கத்தில் அதை வாயால் சொல்லும் பெயர் இருக்கும். அதன்கீழ் அந்தக் குறி எங்கெங்கே என்னென்ன வேலை பார்க்கிறது என்று உள்பதிவுகள். @ என்று பார்த்தால் செயற்கூறு (ஃபங்ஷன்) வரையறையில் ஒன்று, இனக்குழு (கிளாஸ்) வரையறையில் ஒன்று, செயற்குறியாக ஒன்று. இந்த மூன்றாவது, அணிப் (மேட்ரிக்ஸ்) பெருக்கலுக்காக 2015இல் 3.5 பதிப்பில் வந்தது. உங்கள் சொல்லடைவில் @ கிடையாது. முதல் இரண்டு வேலைக்கும் உரிய 'அலங்கரிப்பி' (டெக்கரேட்டர்) என்ற சொல் மட்டும் இருக்கிறது.

% குறியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் சி++ படித்துவிட்டு பிளஸ் டூவில் பைத்தானுக்கு வருகிறார்கள். -7 % 3 என்று கொடுத்தால் சி++ -1 என்கிறது, பைத்தான் 2 என்கிறது. மீதியின் அடையாளத்தைச் சி++ வகுபடும் எண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது, பைத்தான் வகுக்கும் எண்ணிலிருந்து. "சார், கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது" என்று வருடா வருடம் ஒருவனாவது வருவான். அப்புறம் அதே % ஒரு சரத்துக்கு (ஸ்டிரிங்), அதாவது எழுத்துத் தொடருக்குப் பின்னால் வந்தால் கணக்கே இல்லை, சரத்தை வடிவமைக்கும் வேலை. இவ்வளவுக்கும் உங்கள் சொல்லடைவில் உள்ளது 'வகுமீதி' என்ற ஒரே பதிவு. சதவீதக் குறியை வடிவமைப்பில் பார்த்துவிட்டுத் தேடுகிறவன் வகுமீதிக்கு எப்படி வருவான்?

பழைய குறிகளையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு மூலப்பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா' என்று இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்றானது. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. இன்று வாலாஜா இருப்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில். மனை அதே இடத்தில்தான் இருக்கிறது, பத்திரத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் புதிதாக வந்தவர் விழிப்பார். <> குறியின் கதையும் இதுதான். பைத்தான் 2இல் 'சமமில்லை' என்பதற்கு அதையும் எழுதலாம், 2008இல் வந்த பைத்தான் 3இல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலை வைத்துக்கொண்டு ஒரு பையன் அதைத் தட்டச்சிட்டுப் பிழைச்செய்தியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். '<> காண்க !=' என்று ஒரே வரி போதும்.

வேலை எப்படி நடக்கிறது என்பது எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆவணம் தொகுக்கும் கருவியான ஸ்பிங்க்ஸில் சொல்லடைவுப் பதிவு அந்தந்தப் பத்திக்கு மேலேயே எழுதப்படுகிறது. கடைசிப் பக்கத்தைக் கருவியே தொகுத்துக்கொள்ளும். சிக்கல் மொழிபெயர்ப்பில்தான். மொழிபெயர்க்க வேண்டிய சரங்களைப் பிரித்தெடுக்கும்போது சொல்லடைவுச் சொற்கள் தானாக வருவதில்லை. அமைப்புக் கோப்பில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்களிடம் அந்த ஒரு வரி விடுபட்டிருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் இது யாருடைய சோம்பலும் இல்லை.

பெயர் வைக்கும்போது மட்டும் பிள்ளைகள் வாயைக் கவனியுங்கள். // அவர்களுக்கு 'டபுள் ஸ்லாஷ்',  ** 'டபுள் ஸ்டார்', @ 'அட் த ரேட்'. 'இரட்டைச் சாய்கோடு' இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிலிருந்தும் 'டபுள் ஸ்லாஷ்' என்பதிலிருந்தும் ஒரே பக்கத்துக்கு வழி இருக்கட்டும்.

வகுப்பில் பிள்ளைகள் கேட்ட குறிகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். குறி, அவர்கள் சொன்ன பெயர், உங்கள் கையேட்டில் விளக்கம் இருக்கும் பக்கம் என்று மூன்று நெடுவரிசை. தட்டச்சிட்டு இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன். குடியாத்தத்துப் பெண் முதல் வரியில் := எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஒரு டியூஷன் வாத்தியார்