நாடகத்துல மேஜர் கைதியான சீனும் கண்டிப்பா இருக்கும்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

எட்டாவது, ஒன்பதாவது பசங்க சேர்ந்து போடப்போற மேஜர் தன் சிங் தாபா நாடகத்தை பத்தி தான் இந்த லெட்டர். ரிகர்சல் ஆரம்பிச்சதுல இருந்து உங்கள்ல சில பேர் கிளாஸ் டீச்சர்கிட்ட கேட்டிருக்கீங்க, சண்டை போட்டது வரைக்கும் காட்டினா போதாதா, எதிரிகிட்ட பிடிபட்டதை எல்லாம் பசங்களுக்கு ஏன் காட்டணும், உயிர்த்தியாகம் செஞ்ச வேற யார் கதையாவது எடுக்கலாமேன்னு. நீங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா அவர் கைதியான சீனை நாடகத்துல இருந்து நீக்கப்போறதில்ல, ஏன்னு சொல்லிடறேன்.

1962 அக்டோபர், இந்தியா-சீனா போர் ஆரம்பிச்ச மாசம். லடாக்ல பாங்காங் ஏரியோட வடகரையில சிரிஜாப்னு ஒரு இடம், கிட்டத்தட்ட 14,000 அடி உயரம், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும், அங்க நம்ம ராணுவத்தோட எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸ் முதல் பட்டாலியன் ஒரு சின்ன போஸ்ட் போட்டிருந்தாங்க. மொத்தம் 28 பேர், தாபா தான் கமாண்டர். சுஷுல் விமான தளத்தை காப்பாத்தறதுக்காக போட்ட போஸ்ட் அது, பின்னாடி இருந்து உதவி வரணும்னா ஏரியில படகுல தான் வரணும். எதிர்ல சீனப்படை ஆள் சேர்க்கிறத பாத்ததுமே சீக்கிரம் தோண்டுங்க, ஆழமா தோண்டுங்கன்னு சொல்லிட்டார், உறைஞ்சு கிடக்கிற மண்ணுல கடப்பாறை இறங்கவே இறங்காதுங்க, அதுல தான் பதுங்கு குழி வெட்டினாங்க.

20ஆம் தேதி விடியக்காலைல பீரங்கியும் மோர்ட்டாரும் சுட ஆரம்பிச்சாங்க, ரெண்டரை மணி நேரம் விடாம குண்டு விழுந்துச்சு, அது ஓய்ஞ்சதும் 600 பேர் போல ஏறி வந்தாங்க. தாபா ஒவ்வொரு குழியா போய் பசங்களுக்கு தைரியம் சொல்லிட்டே இருந்தார், முதல் தடவை வந்தவங்களை திருப்பி அடிச்சாங்க, ரெண்டாவது தடவையும் அடிச்சாங்க, வயர்லெஸ் போச்சு, கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா விழுந்துட்டே இருந்தாங்க, மூணாவது தடவை டேங்கோட வந்தாங்க. அப்பவும் அவர் குழியை விட்டு வெளிய குதிச்சு கைகலப்புல பல பேரை வீழ்த்தினதுக்கு அப்புறம் தான் அவரை பிடிக்க முடிஞ்சுது.

இங்க எல்லாரும் அவர் செத்துட்டார்னே முடிவு பண்ணிட்டாங்க. இறந்தவருக்கு குடுக்கிறதா நினைச்சு தான் போர்க்கள வீரத்துக்கான நாட்டோட உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா அறிவிச்சாங்க, வீட்ல காரியமும் முடிச்சாச்சு. அவரோ சீனாக்காரங்க கிட்ட கைதியா இருந்தார். ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதி சொல்ல வேண்டியது பேரு, ரேங்க், பிறந்த தேதி, ராணுவ நம்பர் இவ்வளவு தான், அதுக்கு மேல ஒண்ணும் கேட்டு கட்டாயப்படுத்த முடியாது. நம்ம ராணுவத்துக்கும் அரசாங்கத்துக்கும் எதிரா அறிக்கை குடுக்க சொன்னப்ப அவர் முடியாதுன்னுட்டார், அதுக்கு தண்டனையும் அனுபவிச்சார். அங்க கையில துப்பாக்கி கிடையாது, கூட பட்டாலியன் கிடையாது, பாக்கவும் ஆள் கிடையாது. இந்த இடம் தான் நாடகத்துலயே எனக்கு முக்கியமா படுது.

இன்னொண்ணும் கவனிங்க. அந்த போர்ல பரம் வீர் சக்ரா வாங்கினது மூணே பேர். லடாக்ல ரெசாங் லா கணவாயில மேஜர் சைத்தான் சிங் களத்துலயே உயிர விட்டார். இப்போ அருணாச்சலப் பிரதேசத்துல இருக்கிற தவாங் பக்கம் சுபேதார் ஜோகிந்தர் சிங் காயத்தோட பிடிபட்டு கைதியாவே இறந்தார், அவரோட அஸ்தியை 1963 மே மாசம் சீனாவே மரியாதையோட திருப்பி அனுப்பிச்சுது. மூணாவது தாபா. ஆக மூணுல ரெண்டு பேர் பிடிபட்டவங்க. அந்த போர்ல நம்ம வீரர்கள் கிட்டத்தட்ட 4,000 பேர் கைதியானாங்க, அவங்களை எல்லாம் கணக்குல இருந்தே தள்ளிட முடியுமா?

ஒரு அப்பா கணைக்கால் இரும்பொறையை சொல்லி கேட்டார், சோழன் சிறையில தண்ணி லேட்டா குடுத்தாங்கன்னு குடிக்காம உயிர விட்ட சேர ராஜா, அது தானே சார் மானம்னு. அந்த ராஜா மேல எனக்கும் மரியாதை உண்டுங்க. ஆனா குடுத்ததை குடிச்சு, குடுத்ததை தின்னு, ஏழு மாசம் உயிரை கையில பிடிச்சுகிட்டு, சொந்த நாட்டை பத்தி ஒரு தப்பான வார்த்தை சொல்லாம வந்தவரும் மானஸ்தன் தான். செத்தா தான் வீரம்னு பதிமூணு பதினாலு வயசு பிள்ளை மனசுல பதியறதை ஒரு தலைமையாசிரியரா என்னால ஒத்துக்கவே முடியாது.

1963 மே மாசம் தாபா வந்து சேர்ந்தப்ப சம்சாரம் விதவைக்கோலத்துல இருந்தாங்களாம். செத்தவருக்கு காரியம் முடிஞ்சு போச்சே, அதனால அவருக்கு மொட்டை போட்டு, குழந்தைக்கு செய்யற மாதிரி திரும்ப பேர் வச்சு, அதுக்கப்புறம் தான் கல்யாண சடங்கை மறுபடி செஞ்சு சேத்து வச்சாங்கன்னு சொல்றாங்க. கடைசி சீன் அது தான், ஒன்பதாவது பொண்ணுங்க அவ்வளவு அழகா பண்றாங்க, வந்து பாருங்க. திரும்பி வந்தவர் மறுபடி யூனிபார்ம் போட்டு லெப்டினன்ட் கர்னல் வரைக்கும் போனார்.

உங்க வீட்ல, சொந்தத்துல முன்னாள் ராணுவத்தினர் யாராவது இருந்தா கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லுங்க, நாடகத்துக்கு முன்னாடி பசங்ககிட்ட பேச கூப்பிடறோம். குக்ரி, அதாவது கூர்க்கா வீரர்களோட வளைஞ்ச கத்தி, எல்லாம் கார்ட்போர்டுல ஸ்கூல்லயே வெட்டறோம், வீட்ல இருந்து கத்தி எதுவும் குடுத்து விடாதீங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்