பீஸ் கட்டையைப் பிடுங்கினால் காலி செய்துவிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2028 மகாமகத்துக்குக் கும்பகோணம் தயாராவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு அந்தத் தயாரிப்பு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. பழைய ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன், தையல்தான் பிழைப்பு. இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படியும் கார்த்திகையில் வீட்டுக்காரர் சொன்னார். மகளுக்குப் பத்தாவது பரீட்சை முடியட்டும் என்றேன். மூன்றாம் நாள் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தை முகூர்த்தத்துக்குத் தைத்துக் கொடுக்க வாங்கி வைத்திருந்த 23 ஜாக்கெட்டுகள் மெஷின் மேல் அப்படியே கிடந்தன.

பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில்தான் விவரம் தெரிந்தது. நகரப் பகுதிகளுக்கு 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, என்ன தகராறு இருந்தாலும் கரண்ட், தண்ணீரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியாக இருக்கும் துணை ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். காலி செய்யச் சொல்லி உத்தரவு போட வேண்டியது வாடகை நீதிமன்றம். இடித்துக் கட்ட வேண்டும், சொந்தத் தேவை என்று வீட்டுக்காரர் அங்கே போய்க் கேட்கலாம். அதை நான் மறுக்கவில்லை. மனிதர் கெட்டவரும் இல்லை. கொரோனா சமயத்தில் இரண்டு மாத வாடகையைக் கேட்கவே இல்லை. அதனால்தான் பீஸ் கட்டை விஷயம் அதிகமாக வலித்தது. சரி, அப்படி ஒரு மனு எழுதி, அதன் நகலை அவரிடம் காட்டியதும் சாயங்காலமே கரண்ட் வந்துவிட்டது.

ஆனால் குமாஸ்தா ஐயா என்னையும் விடவில்லை. "எழுத்து எங்கேம்மா?" என்றார். 11 வருடமும் வாய்ப்பேச்சுதான். ஒப்பந்தம் எழுதி 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமாம். எழுதாமல் விட்டதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் வழக்குப் போட முடியுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாதாம். நான் பத்து மாதத்துக்குக் கொடுத்திருக்கிறேன், ரசீது இல்லாமல்! ஆதாரம் என்று கையில் இருந்தது போனில் வாடகை அனுப்பிய கணக்கு மட்டும். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதே, இரண்டு மாதப் பாக்கி விழுந்தால் அதுவும் அவருக்குச் சாதகம் என்று எச்சரித்தார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்றும் சொன்னார்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பயப்பட வேண்டாம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம். கோயில் மனையில் குடியிருப்பவர்கள் மட்டும் நான் எழுதியதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அவர்கள் விவகாரத்தில் அறநிலையத் துறைச் சட்டமும் வரும்.

சித்திரையில் காலி செய்கிறேன் என்று நானும், அன்றைக்கே அட்வான்ஸைத் தந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மகாமகம் நெருங்க நெருங்க இன்னும் பல பின்கட்டுகள் காலியாகும். எல்லாத் தெருவிலும் வக்கீல் குமாஸ்தா இருக்க மாட்டார். வாடகை அதிகாரி எங்கே உட்காருகிறார், மனுவை எப்படி எழுதுவது என்று ரேஷன் கடைச் சுவரிலும் மாநகராட்சி வரி வசூல் மையத்திலும் மாவட்ட நிர்வாகம் ஒரு தாள் ஒட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
கும்பகோணம்.