மருத்துவமனைப் பணியாளர் நலச் சங்கம்: 2021–22 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்து பின்வரிசையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் தோழர்களுக்கும் வணக்கம். 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரையிலான சங்கப் பணிகளின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் ஐந்து கூட்டங்கள் கைபேசித் திரையிலேயே நடந்தன. ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவால் உறுப்பினர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். விளையாட்டுப் போட்டியும் ஆண்டு விழாவும் இம்முறையும் நடக்கவில்லை.

இவ்வாண்டு கொரோனாவுக்கு இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர்கள் பெயரை அச்சில் போடவில்லை. 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் இந்நோயால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இத்தனை பெரிய எண்ணைப் படிக்கும்போது மனம் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் அவர்களில் ஒருவருடைய லாக்கரை யார் திறப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. உள்ளே ஒரு மாற்றுக் கண்ணாடி, துவைத்து மடித்த ஒரு சீருடை, கையெழுத்திட்டுத் தேதி மட்டும் போடாத ஒரு விடுப்பு விண்ணப்பம். எப்போது கேட்டால் கிடைக்கும் என்று தெரியாததால் தயாராக எழுதி வைத்திருக்கிறார். அப்படி ஒன்று உங்களில் பலருடைய லாக்கரிலும் இருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்து, நான் செய்த பிழை. ஜூன் மாதம் அலை சற்றுத் தணிந்ததும், வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கண்ட மிகக் கொடிய நாளை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பினோம். ஐசியூ செவிலியர் ஒருவர், ஒரு நோயாளியின் காதருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். மறுமுனையில் மகள் பேசிக்கொண்டே இருக்கிறார். இங்கே மானிட்டரில் கோடு நேராகிவிட்டது. போதும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இரண்டு கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும்வரை அப்படியே பிடித்திருந்திருக்கிறார். அவர் சொல்லி முடித்த பிறகு அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. "அடுத்தவர்" என்றார் வந்தவர். இருவர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் மூன்று நாள் டியூட்டிக்கு வரவில்லை.

ஏற்பாடு செய்தது நான். பழியும் என்னையே சேரும். நடந்தது நடந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொடுமையைக் கண்டவர்களை ஒரே அமர்வில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைப்பதால் பயன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்பது பழைய செய்தி. உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. அந்நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றே காரியங்கள்: பார், கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. பேச விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதே என்றும் அதில் இருக்கிறது. அந்தச் செவிலியரிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். "எனக்குச் சொன்னது நல்லதாகத்தான் இருந்தது, கேட்டவர்கள்தான் பாவம்" என்றார்.

நிர்வாகம் தொடங்கிய மனநல ஆலோசனைத் தொலைபேசி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் அழைக்கவில்லை. கூடவே ஒரு கேள்வித்தாளும் வந்தது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். பல நாடுகளில் மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல கருவிதான். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. தாளின் தலைப்பிலோ பணியாளர் எண்ணை எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள். திரும்பி வந்த தாள்களில் எட்டுக் கேள்விகளுக்கு விடை இருந்தது. ஒன்பதாவது பெரும்பாலும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "ஊழியர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்" என்று முடிவு கட்டினால் யாரை நோவது?

பயம் நம்முடையது மட்டுமில்லை. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சைக்குப் போனது தெரிந்தால் தொழில் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள். சுகாதாரப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரில் ஒரு சட்டம் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் கையெழுத்தாகியிருக்கிறது. நம் கோரிக்கை அவ்வளவு பெரியதன்று. அந்தக் கட்டத்தை எடுங்கள் என்றுதான் கேட்டோம். இரண்டு கடிதங்களுக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் நம் மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இவ்வாண்டு சங்கம் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டென்றால், அது ஒரு தாழ்ப்பாள். இரண்டாம் மாடியில் பழைய படுக்கை விரிப்புகள் போட்டு வைத்திருந்த சிறிய அறையைக் கேட்டு வாங்கி, இரண்டு சாய்வு நாற்காலியும் ஒரு மேசை விசிறியும் போட்டோம். ஒரு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காரணத்தைச் சொன்னவர் ஒரு தூய்மைப் பணியாளர்: "உள்ளே தாழ்ப்பாள் இல்லையே, அழுகிறபோது யாராவது கதவைத் திறந்தால்?" மறுநாள் தாழ்ப்பாள் வந்தது. அதன் பிறகு அறை காலியாக இருந்த நேரம் குறைவு. கவச உடையைக் கழற்றி, மூக்குத்தண்டில் பதிந்த தழும்போடு வந்து, இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு வார்டுக்குத் திரும்புகிறார்கள். பதிவேடு வைக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம்.

டியூட்டி சார்ட் விஷயத்தில் பாதி வெற்றி. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அநேகமாக நடைமுறைப்படுத்துகிறார்கள். தொடர்ந்து நான்கு நைட்டுக்கு மேல் போடக்கூடாது என்பது ஆள் பற்றாக்குறை வரும்போதெல்லாம் காற்றில் போகிறது. பேச்சுவார்த்தையில், "யோகா வகுப்பு வைக்கிறோமே, தியான வகுப்பு வைக்கிறோமே" என்ற பதில் வந்தது. யோகாவில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்னும் உலக நோய்ப் பட்டியல், பணிச்சோர்வை நோயென்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்கிறது. ஆகவே அதற்கு மருந்து ஊழியரின் மூச்சுப் பயிற்சியைவிட முதலில் டியூட்டி சார்ட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நான்கு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவர் பார்த்து, தண்ணீர் கேட்ட நோயாளியிடம் உரிய நேரத்தில் போக முடியாமல், அவர் இறந்த பிறகு அந்தக் குரலை வீட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எந்த ஆசனத்தைச் சொல்லிக்கொடுப்பது?

"அலைதான் ஓய்ந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்றும் கேட்கிறார்கள். 2003-இல் சார்ஸ் என்னும் சுவாசத் தொற்று பரவியபோது நோயுற்ற எட்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளின் ஊழியர்களை ஓராண்டு, இரண்டாண்டு கழித்து ஆராய்ந்தபோது, மற்ற மருத்துவமனை ஊழியர்களைவிட அவர்களிடம் சோர்வு மிகுந்தே இருந்தது. அந்தத் தொற்று சில மாதங்களில் அடங்கியது. நமக்கு இது மூன்றாம் ஆண்டு.

நம்மவர்கள் யாரும் "மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதுகு வலிக்கிறது, தூக்கம் கலைகிறது, வீட்டில் எரிந்து விழுகிறேன் என்றுதான் வருகிறார்கள். செயற்குழுவினர் இந்தச் சொற்களுக்குக் காது கொடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

வரும் ஆண்டுக்குப் பிணவறை ஊழியர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் செயற்குழுவில் ஓரிடம் ஒதுக்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. இவ்வளவு காலம் அவர்களைக் கேட்காமல் விட்டதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொருவருக்கும் இந்தக் காலாண்டில் தொடர்ச்சியாக ஏழு நாள் விடுப்பு தர நிர்வாகம் எழுத்தில் சம்மதித்திருக்கிறது. வாசலருகே மேசையில் படிவங்கள் இருக்கின்றன. தேதியைப் போட்டு, போவதற்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்