வேப்ப மரத்தடி பெஞ்ச திருப்பி போடுங்க: எங்க குடியிருப்பு அசோசியேஷனுக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டில இருக்க எல்லாருக்கும் வணக்கம். பி பிளாக் ரெண்டாவது மாடிலேர்ந்து எழுதுறேன். போன மாசம் வேப்ப மரத்தடில இருந்த சிமென்ட் பெஞ்ச இடிச்சிட்டு அங்க ரெண்டு கார் நிக்கிற மாதிரி கோடு போட்டுட்டீங்க. பார்க்கிங் கஷ்டம் எனக்கும் தெரியும், என் வண்டியே பல நாள் ரோட்டுல தான் நிக்குது. ஆனா அந்த பெஞ்ச்ல எனக்கு நடந்தத சொல்லணும்.

எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஊர்ல இருக்க ரெண்டு சென்ட் இடத்துக்காக ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. ஒரு நாள் சாயங்காலம் மூணாவது மாடி சார்கிட்ட, ரிட்டயர்டு வாத்தியார் அவரு, இத கொட்டிட்டு இருந்தேன். முழுசா கேட்டாரு, புத்திமதி ஒண்ணும் சொல்லல. கீழ கெடந்த வேப்பம்பழத்த காலால தள்ளிக்கிட்டே "தம்பி, அந்த இடத்த இன்னைக்கே உங்க பேர்ல எழுதி குடுத்துட்டா உங்க கோவம் போயிடுமா?"னு மட்டும் கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. போகாதுனு தெரிஞ்சுது. அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவன் வந்து நிக்கல, எனக்கு வலிச்சது அது தான், நான் தான் அதுக்கு சென்ட் கணக்கு போட்டு வச்சிருந்தேன். மூணு நாள் கழிச்சு அவனுக்கு போன் பண்ணேன், ரெண்டு பேரும் அழுதோம், இடம் இன்னும் பிரியல, ஆனா பொங்கலுக்கு ஒண்ணா தான் சாப்பிட்டோம்.

தத்துவம்னா ஏதோ பெரிய படிப்புனு நினைக்கிறோம், ஆனா சார் கேட்ட அந்த ஒரு கேள்வியும் தத்துவம் தான். கி.மு. 300 வாக்குல கிரேக்க நாட்டு ஏதென்ஸ்ல ஜீனோனு ஒரு தத்துவ ஞானி சந்தைய ஒட்டி இருந்த தூண் வச்ச தாழ்வாரத்துல தான் வர்றவங்களோட பேசினாரு, அந்த தாழ்வாரத்துக்கு அவங்க ஊர்ல ஸ்டோவானு பேரு, எது வந்தாலும் கலங்காம இருக்கவங்கள ஸ்டோயிக்னு இன்னைக்கு சொல்ற வார்த்தையே அதுலேர்ந்து வந்தது தான். நம்ம பாஷைல சொன்னா திண்ணைக்காரங்க. நம்ம பாட்டன் பூட்டனும் திண்ணைப் பள்ளிக்கூடத்துல தானே படிச்சாங்க.

அமெரிக்காவுல ஹார்வர்டு யுனிவர்சிட்டில 1938ல 724 ஆம்பளைங்கள வச்சு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, பாதி பேருக்கு மேல பாஸ்டன்ல ஏழைப்பட்ட தெருக்கள்ல வளந்த பசங்க. காலம் பூரா பின்தொடர்ந்து பாத்ததுல, 50 வயசுல சொந்த பந்தம் நட்போட நிம்மதியா இருந்தவங்க தான் 80லயும் நல்லா இருந்திருக்காங்க.

சார் இப்ப கீழ வர்றதே இல்ல. நேத்து பால்கனில தனியா நின்னுட்டு இருந்தாரு, கை காட்டினேன், அவரும் கை காட்டினாரு, அவ்ளோ தான், கத்தியா பேச முடியும்?

வாட்ஸப் குரூப் இருக்கேன்னு சொல்லாதீங்க, அதுல தண்ணி லாரி எப்ப வரும்னு கேக்கலாம், மனசுல இருக்கத கேக்க முடியாது. ஒரு கார் இடத்த மட்டும் விட்டா போதும். பெஞ்ச் செலவுல பாதி நான் தரேன். வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல இத எடுங்க, சாரையும் நானே கூட்டிட்டு வரேன்.