சித்தப்பா, உங்கள் பம்ப் இங்கே படகாக ஓடுகிறது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "ஜெட் படகில் போய்விட்டு வந்தேன்" என்றேன். "ராக்கெட் மாதிரியா கண்ணு?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ராக்கெட் இல்லை சித்தப்பா. அது ஒரு பம்ப். கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் நாற்பது வருஷம் கழற்றி மாட்டினீர்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. இதை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் லேத்திலும் வார்ப்படத்திலும் நின்றே ஆயுசைக் கழித்தவர்கள் நம் ஊரில் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது படித்துக் காட்டட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் போனது நியூசிலாந்தின் தென் தீவில் ஓடும் டார்ட் ஆற்றுக்கு. குவீன்ஸ்டவுனிலிருந்து வாகாட்டிப்பு ஏரிக்கரையை ஒட்டியே 45 கிலோமீட்டர் போனால் கிளெனோர்கி என்று ஒரு சின்ன ஊர், ஏரியின் தலைமாட்டில். அதற்குச் சற்று மேலே பனிமலைகளிலிருந்து இறங்கி வரும் டார்ட் ஏரியில் கலக்கிறது. கிளெனோர்கியில் மழைக்கோட்டும் மிதவை அங்கியும் மாட்டிவிட்டு, பேருந்தில் ஏற்றி, பாரடைஸ் என்ற இடம் வரை கூட்டிப் போனார்கள். பெயருக்கேற்ற இடம்தான். அங்கே முதலில் காட்டுக்குள் நடை, அப்புறம் படகு. உங்களுக்குப் படகை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு என்னையும் மொபெட்டில் வைத்துக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கிறதா? உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு போய், மோட்டார் ஓடினாலும் தண்ணீர் ஏறவில்லை. நீங்கள் வால்வை மாற்றி, குடத்துத் தண்ணீரை ஊற்றி பிரைம் பண்ணி, சுவிட்சைப் போட்டீர்கள். தண்ணீர் வெளியே வரும் டெலிவரி ஓஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நான் மல்லாந்து விழுந்தேன். தூக்கிவிட்டுச் சேற்றைத் துடைத்தபடி, "தண்ணி முன்னால போனா பைப்பு பின்னால ஒதைக்கும் கண்ணு" என்றீர்கள்.

ஜெட் படகு என்பது அந்த உதைதான். படகின் அடியில் கம்பித் தடுப்பு போட்ட ஒரு வாய். அதுதான் சக்ஷன், தண்ணீரை உறிஞ்சும் வழி. உள்ளே இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளும் சுழல்விசிறி. என்ஜின் அதைச் சுற்றுகிறது. உறிஞ்சிய தண்ணீர் பின்பக்கம் ஒரு குறுகலான நாசில் வழியே பீய்ச்சி அடிக்கிறது, படகு முன்னால் பாய்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் கிடையாது, சுக்கான் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் நாசில் திரும்பும். பின்னால் வர வேண்டும் என்றால் ஒரு மூடி இறங்கி, வெளியேறும் தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும்.

இதை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் பில் ஹாமில்டன் என்பவர், 1899-ல் பிறந்தவர். தென் தீவின் மெக்கென்சி சமவெளியில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப்பண்ணை வைத்திருந்தார். பண்ணையிலேயே ஒரு பட்டறை போட்டு, மண் வாரும் இயந்திரங்கள் செய்தவர். அந்தப் பக்கத்து ஆறுகள் எல்லாம் கூழாங்கல் படுகையில் முழங்கால் ஆழத்துக்கு ஓடுபவை. புரொப்பெல்லர் படகு விட்டால் கல்லில் அடித்து உடைந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் இருந்த ஒரு பம்ப் படகு மாதிரியை எடுத்துப் பார்த்தார். அதில் நாசில் படகுக்கு அடியில், தண்ணீருக்குள்ளேயே இருந்தது. சரியாகப் போகவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஒருவர், நாசிலை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் பார்க்கலாமே என்று யோசனை சொல்லியிருக்கிறார். அப்படி வைத்ததும் படகு பறந்தது.

பட்டறையில் நின்ற ஒரு தொழிலாளி சொன்ன யோசனை! இதைப் படித்தபோது, பட்டறையை மூடிய அன்று நீங்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. "என்னத்தப் பெருசாப் பண்ணிட்டோம், தண்ணி எறைச்சதுதான்." அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

1960-ல் ஹாமில்டனின் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்தே ஏறின. அதற்கு முன் யாரும் அப்படி ஏறியதில்லை. நம் கங்கையிலும் ஓடியிருக்கின்றன, தெரியுமா? 1977-ல் எட்மண்ட் ஹிலாரி, எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரி, வங்காள விரிகுடாவில் கங்கை கலக்கும் இடத்திலிருந்து ஜெட் படகுகளில் கிளம்பி இமயமலை வரை போனார். நந்தபிரயாகைப் பக்கம் ஓர் அருவி குறுக்கே வந்து நிறுத்தும் வரை படகிலேயே போயிருக்கிறார்கள். அப்போது உங்களுக்குப் பதினேழு வயசு, லேத்துக்குப் புதிதாக வந்திருப்பீர்கள்.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். டார்ட் ஒரே ஆறாக ஓடுவதில்லை. அகலமான கூழாங்கல் படுகையில் ஏழெட்டு ஓடைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, அவிழ்த்துவிட்ட சடை மாதிரி கிடக்கிறது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வழி மாறிவிடும். நேற்று படகு போன ஓடையில் இன்று கல் மட்டுமே இருக்கலாம். அதனால் படகோட்டிக்கு நிரந்தரமான பாதை என்று ஒன்று இல்லை. தண்ணீரின் நிறத்தையும் மேலே ஓடும் சுருக்கங்களையும் பார்த்து, எங்கே ஆழம், எங்கே கல் என்று அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்கிறார், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில்.

ஆழமே இல்லாத இடம் வந்தபோது அவர் வேகத்தைக் குறைப்பார் என்று நினைத்தேன். கூட்டினார். ஏனென்று அப்புறம் சொன்னார். வேகமாகப் போகும்போது படகு எழும்பித் தண்ணீரின் மேல்தோலில் வழுக்கிக்கொண்டு போகிறது, பத்து சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே போதும். வேகம் குறைந்தால் படகு அமுங்கி உட்கார்ந்துவிடும், அடியில் கல் தட்டும். இன்னொன்றும் சொன்னார். பாறை எதிரே வந்தாலும் ஆக்சிலேட்டரை விடக் கூடாதாம். நாசிலில் தண்ணீர் வந்தால்தான் படகு திரும்பும். பயந்துபோய் காலை எடுத்தால் ஸ்டியரிங்கும் போய்விடும். பக்கத்தில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால், "பின்ன, டெலிவரி இல்லாம எப்படித் திரும்பும்?" என்று கேட்டிருப்பீர்கள்.

இடையிடையே அவர் கையைத் தூக்கி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போடுவார். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அடுத்த நொடி படகு நின்ற இடத்திலேயே முழு வட்டம் சுற்றும். மலை, ஆறு, மலை, வானம், முகத்தில் ஐஸ் தண்ணீர். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை, இன்னும் ஒன்று போட மாட்டாரா என்று இருந்தது.

அந்தத் தண்ணீரின் நிறத்தை எப்படிச் சொல்வது? அரிசி களைந்த தண்ணீரில் ஒரு சொட்டு சொட்டுநீலம் விட்டால் வருமே, அது. மேலே பனியாறு மலையை அரைத்துக்கொண்டே இறங்குகிறது. ஆட்டுக்கல்லில் அரைபட்டது போலப் பாறை மாவாகி, ஆற்றில் கலந்து வருகிறது. அதில் வெயில் பட்டால் இந்த நிறம். ஒரு நிமிஷம் நொய்யல் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் நிறம் மாறிய ஆறுதானே, சாயத்தில். மனசு கனத்தது.

நடுவில் என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு மலைச்சரிவைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் தே கொரோக்கா என்ற இடம். பௌனமு என்னும் பச்சைக்கல் கிடைக்கும் இடம், இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குப் புனிதமானது. உளியும் கழுத்தணியும் அதில் செய்தார்கள். தென் தீவுக்கே மாவோரி மொழியில் அந்தக் கல்லை வைத்துத்தான் பெயர். தே கொரோக்காவுக்குள் அனுமதியில்லாமல் யாரும் போக முடியாது. இங்கே இயற்கையாகக் கிடைக்கும் பௌனமு, தென் தீவின் மாவோரி இனக்குழுவான ஙாய் தாஹு மக்களுக்கே சொந்தம் என்று 1997-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். என்ஜின் நின்ற பிறகு வந்த அமைதியில், தூரத்தில் அருவி விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஏர்ன்ஸ்லா சிகரத்தைச் சுற்றியிருந்த மேகம் மெதுவாக விலகியது. 2,800 மீட்டருக்கு மேல் உயரம், தலை முழுக்கப் பனி. யாரும் பேசவில்லை.

இனி காட்டைச் சொல்கிறேன். அந்தக் காடு முழுக்க பீச் மரங்கள். சிவப்பு பீச், வெள்ளி பீச் என்று வகைகள். தண்டைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும், இலையோ நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கீழே எங்கு பார்த்தாலும் பாசி. விழுந்த மரம், கல், வேர் எல்லாவற்றின் மேலும் பச்சைக் கம்பளி போர்த்திய மாதிரி. கால் வைத்தால் சத்தமே இல்லை. தரை சமம்தான், உங்கள் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.

ஓர் இடத்தில் வழிகாட்டிப் பெண் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு, காலால் சருகைக் கொஞ்சம் கிளறினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நீண்ட மெல்லிய கால்களோடு ஒரு சாம்பல் நிற ராபின் குருவி தத்தித் தத்தி வந்து, என் ஷூவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கிளறிய மண்ணில் பூச்சி இருக்கும் என்று அதற்குத் தெரியும். மனிதரைப் பார்த்துப் பயப்படத் தெரியாது. இந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர, தரையில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட ஆதியில் கிடையாதாம். சுமார் 8 கோடி வருஷத்துக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வந்த நிலம் இது. நம் இந்தியாவும் ஒரு காலத்தில் அதோடு ஒட்டியிருந்ததுதான். இங்கே பறவைகளுக்குப் பூனையும் தெரியாது, எலியும் தெரியாது. அப்படியே வளர்ந்துவிட்டன.

பிறகு மனிதர்கள் வந்தார்கள், கூடவே எலியும் வந்தது. 1880-களில், முயல்களைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கீரி போல மெலிந்த உடம்பு, மரமும் ஏறும். முயலோடு அது நிற்கவில்லை. பீச் மரங்கள் சில வருஷங்களில் ஒட்டுமொத்தமாக விதையைக் கொட்டித் தீர்க்கும். அந்த வருஷம் எலிகள் பெருகும். எலியைத் தின்று ஸ்டோட்டும் பெருகும். விதை தீர்ந்ததும் எலிகள் மரம் ஏறும். மோஹுவா என்று தலை மஞ்சளான ஒரு சின்னக் குருவி. மரப்பொந்தில் கூடு கட்டும். அடைகாக்கும் பெட்டை, பொந்தை விட்டு ஓட வழியில்லாமல் முட்டையோடு சேர்ந்து போய்விடும். அந்தக் குருவியின் படத்தை 100 டாலர் நோட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அதைக் காப்பாற்றப் படாத பாடு படுகிறார்கள்.

வழி நெடுக, பெட்டி பெட்டியாக மரப்பொறிகள் வைத்திருந்தார்கள். ஒன்றைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஸ்பிரிங், நெம்புகோல், முட்டை இரை. 2050-க்குள் நாடு முழுக்க எலியும் ஸ்டோட்டும் இல்லாமல் செய்ய வேண்டும் என்று 2016-ல் அரசே இலக்கு வைத்திருக்கிறது. நடக்குமா என்று வழிகாட்டியைக் கேட்டேன். "நான் இந்த வரிசைப் பொறிகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மோஹுவாவை நாங்கள் பார்க்கவில்லை. மேலே எங்கேயோ ஒரு கீச்சொலி கேட்டது, அதுவாக இருக்கலாம் என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் சித்தியும் டிசம்பரில் இங்கே வர வேண்டும். அப்போது இங்கே கோடை, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். "வயசாயிடுச்சு, எதுக்குச் செலவு" என்று ஆரம்பிக்காதீர்கள். டிக்கெட் என் பொறுப்பு. முதுகு வலி இருப்பவர்கள் இந்தப் படகில் ஏறக் கூடாது என்று சொல்கிறார்கள். அதனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மணல் ஈ என்று ஒன்று கடிக்கும், உட்கார்ந்தால்தான் வரும், நடந்துகொண்டே இருந்தால் அவ்வளவாகத் தொல்லை இல்லை. சித்திக்குப் படகு பயம் என்றால், காட்டு நடை மட்டும் போதும். அந்த ராபினைப் பார்த்தால் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

பாஸ்போர்ட் பீரோவில், சித்தியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும். எடுத்து, எது வரை செல்லும் என்று பார்த்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்பேன். அப்புறம், படகோட்டியிடம் நான் கேட்க நினைத்து, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அவ்வளவு பாறை மாவும் மணலும் உள்ளே போகிறதே, இம்பெல்லர் எத்தனை நாள் தாங்குகிறது, அதைச் சுற்றியிருக்கும் கேசிங்குக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள்? அதை நீங்கள்தான் வந்து கேட்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்