அவிஷ்காரில் வண்டி செய்தவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் அட்டை விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளே எந்த அட்டை இருக்கிறது என்று தெரியாமலேயே பாக்கெட் வாங்குவது சூதாட்டத்தில் கொண்டுபோய் விடும் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பேச்சு. எங்கள் வீட்டில் பாக்கெட்டே வாங்குவதில்லை. வேண்டிய அட்டையைப் பழசாகப் பார்த்து வாங்குவோம், மீதியைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டுக்கொள்வோம். ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் அந்த அட்டைகளின் கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும் சண்டையெல்லாம் கதைக்காகத்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் உடலைக் கட்டும் ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவன். ஒன்பதாவது படிக்கும் என் பேத்தியும் அவள் சேக்காளிகள் மூன்று பேரும் ஆடுவது 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர், கணிதம் படித்தவர், 1993இல் கொண்டுவந்தது. ஆளுக்குக் குறைந்தது 60 அட்டை, 20 உயிர்ப் புள்ளி. முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லா அட்டையிலும் பூதமும் பிசாசுமாக இருந்தது. ஒரு நாள் பேத்தி ஒரு அட்டையைக் கொண்டுவந்து, "தாத்தா, இது உங்க ஆளு" என்று கையில் கொடுத்தாள். அரதாரா எக்ஸ்பிரஸ். ரயில்!

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். வலது ஓரத்தில் சின்னக் கறுப்பு முத்திரை. கறுப்பு என்றால் சாதாரண அட்டை, விலை ஒன்றும் பெரிதில்லை. கீழே 8/6 என்று போட்டிருந்தது; முதல் எண் பலம், அடுத்தது அடி தாங்கும் சக்தி. எட்டுப் பலமா என்று கேட்டேன். "ஆள் ஏறினாத்தான் தாத்தா. க்ரூ 4" என்றாள். அந்த ரயில் மேஜையில் கிடக்கும்வரை வெறும் இரும்பு. நம் பக்கத்து ஆட்களில் நாலு பலம் சேரும் அளவுக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரின் அட்டைகளையும் பக்கவாட்டில் திருப்பி வைத்தால்தான் அது கிளம்பும். திருப்பி வைத்த ஆட்களுக்கு அந்தச் சுற்றில் வேறு வேலை கிடையாது. வண்டியை ஓட்டுவதே அவர்கள் வேலை.

முப்பது வருடத்துக்கு மேல் ஷெல் ஷாப்பில் நின்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பெட்டியின் பக்கச் சுவரான சைடு வாலைக் கிரேன் தூக்கிக்கொண்டு வரும். நாலு மூலையிலும் ஆள் நின்று, கையைக் காட்டிக் காட்டி, அடிச்சட்டமான அண்டர்ஃபிரேமில் உட்காரவைப்போம். ஒருத்தன் அசந்தால் அரை அங்குலம் போய்விடும். ரூஃபும் ஏறி, வெல்டு முடிந்து, கிரைண்டிங்கும் ஆனபிறகுதான் அதற்குப் பெட்டி என்று பெயர். அந்த விதியை எழுதியவர் யாரோ, வேலைத்தளத்தைத் தெரிந்த மனிதர் என்று அன்று ராத்திரி பேத்தியிடம் சொன்னேன்.

அந்த அட்டை 2016 செப்டம்பரில் வந்த 'கலாதேஷ்' தொகுப்பைச் சேர்ந்தது. இந்தியாவை மனதில் வைத்து வரைந்த உலகம். கிராப்பூர் என்று ஒரு நகரம். ஈதர் என்ற சக்தி குழாய் வழியாக ஊர் முழுக்கப் போகும், எல்லாப் பொறியும் அதில்தான் ஓடும். எந்தக் குழாயில் எவ்வளவு விடுவது என்பது கான்சுலேட் என்ற ஆட்சியின் கையில். பேத்தியின் சேக்காளிகளில் ஒருவனான காசிமேட்டுப் பையன் இதைக் கேட்டதும், "எங்க தெருவுல மெட்ரோ வாட்டர் வர்ற மாதிரியா தாத்தா?" என்றான். ஆமாம்டா, அதேதான் என்றேன். ஈதரைச் சுத்திகரிக்கும்போது தானாகப் பிறக்கும் உயிர்களும் அந்த ஊரில் உண்டு. ஆயுள் கொஞ்ச நாள்தான், அதனால் இருக்கும் நாளை விருந்தாகவே கழிப்பார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் குழாயையும் புகைக்கூண்டையும் பார்த்திருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள்.

கதையின் மையம் சந்திரா நலார் என்ற பெண். அப்பா கிரண், அம்மா பியா, இரண்டு பேரும் பொறி செய்கிறவர்கள். அப்பா கொல்லப்படுகிறார். அம்மாவும் இறந்துவிட்டாள் என்றே நினைத்து வளர்ந்த மகள், பெரியவளாகி ஊர் திரும்பும்போது அம்மா உயிரோடு இருக்கிறாள். ஊரில் கண்டுபிடிப்பாளர்களின் பெரிய திருவிழா நடக்கிறது. அவரவர் செய்ததை ஆசையோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். விழா முடிவில் அத்தனையையும் கான்சுலேட் பறித்துக்கொள்கிறது. அங்கிருந்துதான் கலகம்.

இந்த இடத்தை என் பேத்தி படித்துச் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ரயில்வே வேலைக்கு வருமுன், பத்தொன்பது வயதில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். கிரில் கேட் வளையாமல் வெல்டு பிடிக்க ஆங்கிளை வெட்டி நானே ஒரு ஜிக் செய்தேன். ஒரு நாளைக்கு இரண்டு கேட் முடித்த இடத்தில் ஐந்து முடிந்தது. வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் தன் யோசனை என்றே முதலாளி சொல்லிக்கொண்டார். அடுத்த மாதம் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை. இத்தனை வருடத்தில் இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சீட்டுக் கதையைச் சாக்காக வைத்துப் பேத்தியிடம் சொன்னேன்.

இப்போது புது அட்டைகளுக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் 'ஈதர்டிரிஃப்ட்' தொகுப்பு வந்தது. எங்கள் மாடிக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதில் கலாதேஷுக்கு அவிஷ்கார் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கலகத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு மக்களே மாற்றிக்கொண்டதாகக் கதை. இதை வைத்து மாடியில் பெரிய வாக்குவாதம். எங்கள் காதுக்குக் கலாதேஷ் என்றால் கலையின் தேசம், அதில் என்ன குறை? சௌகார்பேட்டையிலிருந்து வரும் பெண் வீட்டில் இந்தி பேசுகிறவள். "எங்க வீட்ல அதைக் கறுப்பு நாடுன்னுதான் கேப்பாங்க தாத்தா. எங்க அண்ணன் அதை வெச்சு என் கலரைக் கிண்டல் பண்ணான்" என்றாள். அதற்கப்புறம் யாரும் பழைய பெயருக்கு வாதாடவில்லை. அவிஷ்கார் என்றால் கண்டுபிடிப்பு. எனக்கோ முதலில் 'ஆவி' என்றுதான் காதில் விழுந்தது. ஆவியில் ஓடிய வண்டிகளைப் பெரம்பூரில் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. பெயர் மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு இடத்தில். புதுத் தொகுப்பு முழுக்க ஒரு கார் பந்தயம். அவிஷ்கார், அமோன்கெட், முரகண்டா என்று மூன்று உலகம் கடந்து பத்து அணிகள் ஓட்டுகின்றன. சந்திராவும் ஓட்டுகிறாள், பரிசாகக் கிடைக்கும் ஈதர்ஸ்பார்க் என்ற பொருளை, உலகம் விட்டு உலகம் போகும் சக்தியை இழந்துவிட்ட தன் பிரியமான நிஸ்ஸாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று. நல்ல காரணம், பேத்திக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. எதிராளியின் உயிர் குறையக் குறைய நம் வேகம் ஒன்றிலிருந்து நாலுவரை ஏறும் விதியும் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. 'எக்ஸாஸ்ட்' என்று ஒரு விதி: அந்தத் திறனை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். வெல்டிங் ராடு மாதிரி, எரிந்தால் எரிந்ததுதான். அதை எங்கே பற்றவைப்பது என்று யோசிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஆட்டத்தில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2016இல் அந்த ஊரின் நாயகர்கள் பொறி செய்கிறவர்கள். கிளின்ட்-ஸ்லீவ் ஆர்ட்டிசன் என்று ஒரு குள்ளன் அட்டை, அதுவும் சாதாரண அட்டைதான். அவன் களத்துக்கு வரும்போது தன் பலத்தை ஒன்று கூட்டிக்கொள்ளலாம், அல்லது செர்வோ என்ற குட்டிப் பொறி ஒன்றைச் செய்து இறக்கலாம். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டார்கள். எப்போதும் செர்வோதான் என்றேன். தொழில் தெரிந்தவன் பக்கத்தில் ஒரு ஹெல்ப்பரை வளர்ப்பான். அந்த மாதிரி ஆட்கள் நிறைந்த ஊரில் ஆட்சியே மாறியிருக்கிறது. பறித்துக்கொண்ட பொறிகள் அவரவரிடம் திரும்பி வந்தனவா? திருவிழா மறுபடி நடக்கிறதா? ஈதர்க் குழாய் இப்போது எல்லாத் தெருவுக்கும் போகிறதா? பிள்ளைகள் ஆசையாகக் கேட்டது இதைத்தான். புதுத் தொகுப்பில் மெக்கானிக்குகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிச்சம் ஓட்டுகிறவன் முகத்தில் மட்டும் விழுகிறது. வண்டியைச் செய்தவன் படத்தின் ஓரத்தில் நிற்கிறான். ஒரு ரயில் புதிதாக ஓடும் நாளில் கொடி அசைப்பவர் படம் பத்திரிகையில் வரும், எங்கள் ஷாப் வராது. அதே சங்கடம்தான் எனக்கு இதிலும்.

2025இல் வந்த ஆறு பெரிய தொகுப்புகளில் மூன்று, வேறு கம்பெனிகளின் கதைகளிலிருந்து எடுத்தவை. கூட ஆடும் கன்டெய்னர் லாரி டிரைவரின் மகனுக்கு அதில் கொள்ளை சந்தோஷம். இருக்கட்டும். ஆனால் சொந்த உலகங்களுக்குக் கிடைக்கும் இடமே பாதி என்றால், அந்தப் பாதிக்குள் அவிஷ்காருக்குக் கிடைத்ததும் ஒரு பந்தயத்தின் மூன்றில் ஒரு பங்குதானே?

அமெரிக்காவில் கதை எழுதுகிறவர்கள் என் கடிதத்தைப் படிக்கப்போவதில்லை. உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். சினிமாவுக்கு விமர்சனம் போடுகிறீர்கள், நாவலுக்குப் போடுகிறீர்கள். இந்தக் கதைகளுக்கும் சிறுவர் பக்கத்தில் கால் பக்கம் கொடுங்கள். காசிமேட்டுப் பையன் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். பேத்தி தமிழில் சொன்னால்தான் அவனுக்குக் கதை ஓடும். அவள் சொல்லும்போது நடுவில் விட்டுப்போகிறது, அதில் சண்டை வருகிறது. சந்திராவும் பியாவும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்கினால் நல்லது. மாடியில் சனிக்கிழமை அதை நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பெட்டி வெல்டர்,
பெரம்பூர், சென்னை-11