மூத்தோர் சொல்லும் அறிவியல் வகுப்பும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பில் அலைகள் பாடத்தை இந்த முறை ஒரு கதையிலிருந்து தொடங்கினோம். அறிவியல் வகுப்பில் கதை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-இல் ஆழிப்பேரலை வந்து பலர் மாண்டார்கள். தப்பியவர்கள் அதை ‘ஸ்மோங்’ என்றார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. பல்லாயிரம் பேர் வாழ்ந்த அங்கே அலைக்குப் பலியானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கதை முடிந்ததும் ஒரு மாணவி, “அலை வரணும்னா கடல் ஏன் மிஸ் முதல்ல பின்னாடி போகுது?” என்று கேட்டாள். அன்றைய பாடமே அதுதான். அலைக்கு மேலெழும் முகடும் உண்டு, கீழிறங்கும் அகடும் உண்டு. அகடு முதலில் கரையை எட்டினால் கடல் உள்வாங்கும். முகடு முந்திக்கொண்டால் உள்வாங்காமலே நீர் ஏறிவிடும். அப்படியானால் கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நிலம் ஆடியதுமே ஓட வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். முன்னோர் சொன்னதை மதித்தார்கள், அதன் எல்லையையும் கண்டார்கள். எனக்கு அன்று மனம் நிறைந்துபோயிற்று.

அடுத்து பள்ளித் தோட்டத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே பாத்தியில் விதைக்கிறோம். வட அமெரிக்கப் பழங்குடியினர் இவற்றை ‘மூன்று சகோதரிகள்’ என்பார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உதவும் சத்தாக மாற்றும், பூசணி இலை மண்ணை மூடி ஈரம் காக்கும். இதையும் அப்படியே நம்பப்போவதில்லை. தனித்தனியாக விதைத்த பாத்திகளோடு ஒப்பிட்டு வாராவாரம் அளப்போம்.

பாடத்திட்டத்தில் எதுவும் குறையாது. தேர்வை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வீட்டில் சொல்வதையெல்லாம் அறிவியல் என்று முத்திரை குத்தவும் மாட்டோம், சோதிக்காமலே மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் மாட்டோம்.

பழங்குடிக் குடும்பத்துப் பெற்றோரிடம் தனியாக ஒரு வார்த்தை. வகுப்பில் வாயே திறக்காத உங்கள் பிள்ளைகள் சிலர் இப்போது தாத்தா சொன்னதைச் சொல்லக் கை தூக்குகிறார்கள். இத்தனை ஆண்டுகள் நாங்கள் அதைக் கேட்காமல் இருந்தது எங்கள் தவறு. வெளியே சொல்லக்கூடாதது எது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். குறிப்பாக மருந்துச் செடிகள் பற்றி உங்கள் பெரியவர்கள் அனுமதிக்காத எதையும் பிள்ளைகளிடம் கேட்க மாட்டோம், எழுதியும் வைக்க மாட்டோம்.

மழைக்கு முன் எறும்பும் பறவையும் என்ன செய்யும், எந்த மரம் பூத்தால் எதை விதைக்கலாம் என்று கவனித்துப் பழகிய பெரியவர்கள் யார் வீட்டில் இருந்தாலும் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அவர்களை அழைக்க நானே நேரில் வருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்